முதல் போர்டு சமையற்கட்டுப் பக்கம்

ஃபிளக்ஸ் கட்டியாகிவிட்டது. போட்டிதான் இன்னும் முடியவில்லை.

கள்ளக்குறிச்சியில் இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே, மாவட்டச் சிறுவர் சதுரங்கப் போட்டியின் வரவேற்புக் குழுத் தலைவரும் சிமெண்டு, கம்பி வியாபாரியுமான பச்சமுத்து, காலையிலேயே கல்யாண மண்டபத்து வாசலில் தன் மகன் அறிவுச்செல்வனை இரண்டு ஆள் உயரத்துக்கு நிறுத்திவிட்டார். ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ராஜா காய், நடுவில் பையன். ‘மாவட்டச் சாம்பியனை வாழ்த்தி வணங்குகிறோம்’ என்று தொடங்கிய வாசகம், சிமெண்டு விலையில் போய் முடிந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடுவர் சுபஸ்ரீ புள்ளிப் பட்டியலைச் சுவரில் ஒட்டினாள். எல்லா ஆட்டங்களையும் ஜெயித்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் அறிவுச்செல்வன். இன்னொரு பெயர் ‘தனுஷா, கரியாலூர், கல்வராயன் மலை’ என்றிருந்தது.

“யாரும்மா இது?” என்றார் பச்சமுத்து.

“அதோ, அம்மாகூட உக்காந்து சாப்புடுதே, அந்தப் பாப்பாதான் சார்.”

நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாத உருவம் ஒன்று தயிர்சாதத்தில் ஊறுகாயைப் பிசைந்துகொண்டிருந்தது.

“பொட்டப்புள்ளயா!”

அவர் அதிர்ந்ததற்குக் காரணம் உண்டு. காலையில் தொடக்க உரையில்தான், “சதுரங்கம்ங்கிறது ஒரு போர்க்களம். போர்க்களத்துல பொம்பளைக்கு இன்னா வேலை?” என்று கேட்டு, தாமே கை தட்டி, மற்றவர்களையும் தட்ட வைத்திருந்தார். பலகையில் இருப்பதிலேயே பலசாலிக் காய் ராணிதான் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மதியச் சாப்பாடு அவர் செலவு.

“யம்மா சுபஸ்ரீ, பெண்கள் பிரிவுன்னு ஒண்ணைப் போட்டு இத அதுல தூக்கிப் போட்ரு.”

“வந்திருக்கிறதே ஒரு பொண்ணுதான் சார். யார்கூட ஆடுவா?”

“தனியா ஆடட்டும். அவளே ஃபர்ஸ்ட்டு, அவளே லாஸ்ட்டு. சண்டை சச்சரவு இல்ல பாரு.”

“இது பொதுப் பிரிவு சார். பொதுன்னா எல்லாருக்கும் பொது.”

படித்த பெண்களிடம் இதுதான் தொல்லை என்று முணுமுணுத்தபடி பச்சமுத்து மைக்கைப் பிடித்தார். ‘சிறந்த சிறுமி’ என்று ஒரு விருதை அங்கேயே உற்பத்தி செய்து, யாருக்கோ வைத்திருந்த ஹாட்பாக்ஸை எடுத்து தனுஷாவின் கையில் கொடுத்தார். பிறகு அவள் அம்மா செவ்வந்தியிடம் குனிந்து கரிசனத்தோடு சொன்னார்:

“பரிசு வாங்கியாச்சு இல்ல? மலைக்குப் போற பஸ்ஸு இப்ப கெளம்பிடும். வுட்டுட்டா சாயந்திரம்தான். புள்ளய வச்சிக்கினு ஏன் கஷ்டப்படணும்?”

செவ்வந்தி ஹாட்பாக்ஸைத் திறந்து பார்த்து, மூடிப் பார்த்து, மகிழ்ந்துபோனாள்.

“பாதி ஆட்டத்துக்கே இவ்ளோ குடுக்கிறீங்களே சார்! முழுசா ஆடுனா இன்னா குடுப்பீங்களோ? நாங்க இருந்தே போறோம்.”

அடுத்த யோசனை பச்சமுத்துவுக்குக் கையலம்பும்போது வந்தது. மண்டபத்தின் கோடியில், சமையற்கட்டுக் கதவை ஒட்டி ஒரு மேசை காலியாகக் கிடந்தது. உள்ளே சமையல்காரி காசியம்மாள் மாலை டிபனுக்குக் காரச் சட்னி அரைக்க, வரமிளகாயை வறுக்க ஆரம்பித்திருந்தாள்.

“மலையில வளந்த புள்ள, கூட்டத்துல கூச்சப்படும்மா. கடைசி ஆட்டம் வரைக்கும் அது இந்த மேசையிலயே ஆடட்டும். யாரும் எடம் மாத்தக் கூடாது,” என்று உத்தரவு போட்டார். இவ்வளவு இளகிய மனமா என்று சுபஸ்ரீயே அசந்துபோய்ச் சம்மதித்தாள்.

திருக்கோவிலூரிலிருந்து தனிப் பயிற்சியாளரோடு வந்திருந்த பையன்தான் அங்கே முதலில் மாட்டினான். மிளகாய் நெடி ஏறியதும் அவனுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. தனுஷா அம்மாவின் துண்டை வாங்கி மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்கள் மட்டும் தெரிய, கொள்ளைக்காரி மாதிரி உட்கார்ந்து ஆடினாள். நெடி வருவதற்கு முன்பே பையன் ஒரு யானையைப் பறிகொடுத்திருந்தான் என்பதால் தும்மலைக் குறை சொல்லவும் வழியில்லை. அடுத்து வந்தவனும் கண்ணீரோடு எழுந்து போனான். அது மிளகாயாலா தோல்வியாலா என்று அவனுக்கே தெரியவில்லை.

கடைசிச் சுற்று. பட்டியலைப் பார்த்த பச்சமுத்துவுக்கு வியர்த்தது. முதல் போர்டு: தனுஷாவும் அறிவுச்செல்வனும்.

“முதல் போர்டு மேடையிலதானே?”

“அந்தப் பாப்பாவை எடம் மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? பட்டியல்ல முன்னால நிக்கிறவ எங்க உக்கார்றாளோ, அதான் முதல் போர்டு. உங்க பையன்தான் சமையற்கட்டுப் பக்கம் போவணும்.”

பச்சமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையற்கட்டுக்குள் ஓடினார்.

“காசியம்மா, அடுப்பை அணை!”

“அணைச்சிட்டு? சாயந்திரம் டிபனுக்கு வர்றவங்களுக்கு அந்தச் செஸ் காயையா வறுத்துப் போடட்டும்?”

“அணைன்றேன் இல்ல!”

அடுப்பு அணைந்தது. ஜன்னல்கள் திறந்தன. மின்விசிறி ஒன்றும் வந்தது. அறிவுச்செல்வனைச் சுற்றிக் கொடைக்கானலைப் போன்ற காற்று. தோற்றால் சொல்வதற்கு இனி ஒரு சாக்கும் இல்லை என்பது பச்சமுத்துவுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

ஆட்டம் தொடங்குமுன் மகனை ஓரமாக இழுத்தார்.

“டேய், கஷ்டமா இருந்தா டிரா கேளு. சமமா முடிஞ்சா நீயும் சாம்பியன்தான். ஃபிளக்ஸும் பொய்யாவாது.”

“ஜெயிக்கப் பாக்கிறேம்ப்பா.”

“பாரு. ஆனா நான் கர்ச்சீப்பால முகத்தைத் தொடச்சா உடனே கேட்டுடு.”

பச்சமுத்துவுக்குச் சதுரங்கம் தெரியாது. ஆனால் மகனின் காதைப் படிக்கத் தெரியும். தவறு செய்தால் அந்தக் காது சிவக்கும். கால் மணி நேரத்தில் இரண்டு காதுகளும் காசியம்மாளின் மிளகாய் நிறத்துக்கு வந்தன. பச்சமுத்து முகத்தைத் துடைத்தார். போதாதென்று கழுத்தையும் துடைத்தார்.

“டிரா?” என்றான் அறிவுச்செல்வன், மெல்ல.

தனுஷா அவிழ்க்க மறந்திருந்த துண்டை மூக்கிலிருந்து இறக்கினாள். அவனை நிஜமான அனுதாபத்தோடு பார்த்தாள்.

“ஏன்? இன்னும் மூணு காய் நகத்துனா நீ செக்மேட்டு.”

“எப்புடி?”

“ரெண்டு பேரும் பேசக் கூடாது,” என்றாள் சுபஸ்ரீ.

எனவே தனுஷா ஆடியே காட்டினாள். குதிரை, மந்திரி, ராணி. அறிவுச்செல்வன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கை நீட்டிக் குலுக்கினான். அவன் காதுகள் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தன.

“செமயா ஆடுனே. அந்தக் குதிரைய நான் பாக்கவே இல்ல. இன்னொரு தபா அடுக்கலாமா?”

இருவரும் காய்களை அடுக்கத் தொடங்கினார்கள். மண்டபம் முழுக்கக் கை தட்டியது, காலையில் போல யாரும் ஆரம்பித்து வைக்காமலேயே. செவ்வந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பு அணைந்து வெகுநேரமாகியிருந்தது.

பச்சமுத்து இடிந்துபோயிருப்பார் என்று நினைத்தவர்களுக்கு அவரைத் தெரியாது. அவருடைய கொள்கை எந்த நெடியையும் தாங்கும். பரிசளிப்பில் கோப்பையோடு தனுஷாவை மேடையில் நிறுத்தி, தோளில் கை வைத்து, மைக்கைப் பிடித்தார்.

“பெண்ணுன்னா அடுப்பங்கரைதானான்னு கேக்கிறவன் நானு! அதனாலதான் அடுப்பங்கரைக்குப் பக்கத்துலயே ஒக்கார வச்சி, இந்தப் புள்ளைய உலகத்துக்குக் காட்டுனேன். கல்வராயன் மலையே பெத்தெடுத்த ஒரே முத்து! அந்த முத்தைக் கண்டுபுடிச்சது யாரு?”

யாரும் சொல்லாததால் தம் மார்பைத் தாமே தொட்டுக் காட்டினார். பிறகு மேடைக்குக் கீழே நின்ற செவ்வந்தியிடம் மைக்கை நீட்டினார்.

“சொல்லும்மா, வெக்கப்படாத. உங்க ஊர்லயே இதை அடிச்சிக்க ஆள் கெடையாதுதானே?”

செவ்வந்திக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது.

“அய்ய, நீங்க வேற சார். நல்லா ஆடுற பொண்ணுங்களை எல்லாம் டீச்சரம்மா மெட்ராஸ் போட்டிக்கு இட்டுக்கினு போயிட்டாங்க. இதுக்கு வேன்ல எடம் கெடைக்கலன்னு அழுதுக்கினே இருந்துச்சி. சரி, மனசாவது ஆறட்டும்னு இங்க இட்டாந்தேன்.”