ஹிஸ் என்றால் யார்?

"ஹிஸ்னா யாரு வாத்தியாரே?"

பள்ளிக்கூடத் தாளாளர் துரைராசு, ஒரு விடைத்தாளை மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். எதிரே நின்ற ஆங்கில ஆசிரியர் இராஜாங்கத்துக்குக் கேள்வி புரிந்தது. பதில்தான் ஆபத்தானது என்று தோன்றியது.

இராஜாங்கம் மூன்று வருஷமாகத் தற்காலிக ஆசிரியர். அவர் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு, தாளாளரின் கையெழுத்துக்காக அதே மேசையில் பத்து நாளாகக் கிடந்தது. துரைராசு ஊரின் பாதி நஞ்சைக்கு முதலாளி; பள்ளிக்கூடத்துக்கும் அவரே முதலாளி. இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தினார். யாருக்கும் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை.

வினை கால் பரீட்சையில் ஆரம்பித்தது. ராமன் கோபாலனுக்குப் பேனா கொடுத்த கதையே எத்தனை நாளைக்கு, பிள்ளைகளின் சொந்த வாழ்க்கையிலிருந்து உதாரணம் கொடுங்கள் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார். இராஜாங்கம் அதை நம்பினார். ஒன்பதாம் வகுப்புத் தாளில் ஏழாவது கேள்வியாக, 'தி லேண்ட்லார்ட் டோல்ட் தி டெனன்ட் தட் தி லேண்ட் வாஸ் ஹிஸ்' என்று எழுதினார். நிலத்துக்காரர் குத்தகைக்காரரிடம், நிலம் 'ஹிஸ்' என்று சொன்னாராம். அந்த 'ஹிஸ்' யாரைக் குறிக்கிறது? ஒரு மதிப்பெண்.

"எம் பையன் செல்லதுரை லேண்ட்லார்டுன்னு எழுதியிருக்கான். சைபர் போட்டிருக்கீங்க. நம்ம நிலத்துல குத்தகைக்கு உழுவுறானே மருதையன், அவன் பொண்ணு டெனன்டுன்னு எழுதியிருக்கா. அதுக்கு டிக்காம்!"

"இலக்கணம் அப்படிங்க. பக்கத்துல எந்த ஆள் நிக்கிறாரோ அவரைத்தான் எடுத்துக்கணும்னு மன்னார்குடியில வாங்கின நோட்ஸ்ல போட்டிருக்கு."

"பக்கத்துல நிக்கிறவனுக்கெல்லாம் நிலத்தைக் குடுத்துடறதா? இதையேதான்யா கவர்மெண்டும் சொல்லுது!"

கவர்மெண்ட் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த காலம்தான் அது. குத்தகைக்கு உழுகிறவர்களின் பேரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை அந்த ஊர்ச் சாவடியில் தாசில்தார் முகாம். உழுகிறவன் வாழ்க என்று மேடையில் முழங்கியவர்கள், மேடையை விட்டு இறங்கியதும் துரைராசு வீட்டில்தான் கை நனைத்தார்கள். அது வேறு விஷயம்.

இராஜாங்கம் பேனாவை எடுத்து, செல்லதுரையின் சைபருக்குள் பவ்யமாக ஒரு ஒன்றை நட்டார்.

"இப்ப ரெண்டும் சரிங்க."

"ரெண்டும் எப்படிய்யா சரியாவும்? எனக்கும் அவனுக்கும் ஒரே ஹிஸ்ஸா?"

"இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே ஹிஸ்தாங்க."

"மரியாதை தெரியாத பயலுக இந்த வெள்ளைக்காரனுங்க. அதான் ஓட்டி விட்டோம்." துரைராசு உத்தரவின் மேல் கையை வைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு தாளை வாங்கிட்டு வந்து டிக்கை அடிங்க. அப்புறம் இதைப் பார்ப்போம்."

அன்று சாயங்காலமே இராஜாங்கம் வாய்க்கால் கரையோடு சைக்கிளை மிதித்து மருதையன் வீட்டுக்குப் போனார். வாசலில் மருதையனும் விவசாயச் சங்கத்து வீரையனும் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாரைக் கண்டதும் மருதையன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார்.

"வாங்க சார். எங்க கண்ணாத்தா நல்லா படிக்குதுங்களா?"

"ரொம்ப நல்லா படிக்குது. அது விஷயமாத்தான்... அந்த இங்கிலீஷ் தாளைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

"அது தாசில்தாருக்கு சார்," என்றார் வீரையன்.

"தாசில்தாருக்கா? அது வெறும் பரீட்சைத் தாள்ங்க!"

மருதையன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எங்க அப்பா காலத்துலேருந்து அந்த நிலத்தை உழுவுறோம் சார். ஒரு துண்டுக் காயிதம் கெடையாது. குத்தகை அளந்தா ரசீது கேக்கக் கூடாது. திங்கக்கெழம பேரு ஏறலேன்னா, அடுத்த நடவுக்கு எங்களை உள்ள விட மாட்டாங்க. டெனன்டுதுன்னு எழுதி, டிக்கு போட்டு, வாத்தியாரே கையெழுத்தும் போட்டிருக்கீங்க. எங்ககிட்ட இருக்கிற ஒரே காயிதம் இதுதான்."

 தமிழில் விளக்கினால் தப்பித்துவிடலாம் என்று இராஜாங்கம் நினைத்தார்.

"ஹிஸ்னா ஒண்ணுமில்லைங்க. 'அவருடையது'. அவ்வளவுதான்."

மருதையன் முகம் சுண்டிவிட்டது. "அப்ப முதலாளிதுதான். எங்களை யாரு சார் அவர்னு சொல்லுவா?"

அந்த முகத்தைப் பார்க்க இராஜாங்கத்துக்குக் கஷ்டமாக இருந்தது. "அப்படி இல்லைங்க, 'அவனுடையது'ன்னும் சொல்லலாம்," என்று அவசரமாகச் சொன்னார்.

"அப்ப எங்களுது!" என்று வீரையன் துள்ளி எழுந்தார். "முதலாளியை அவன்னு சொல்ல இந்த ஊர்ல எவனுக்கு வாய் இருக்கு? வாத்தியாரே சொல்லிட்டாரு, கேட்டுக்க மருதையா!"

தாளை வாங்கப் போனவர் சாட்சி சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

மறுநாள் காலையில் துரைராசு கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "நீங்களே இங்கிலீஷ்ல ஒரு விளக்கம் எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. நிலம் யாருதுன்னு ஊர் தெரிஞ்சுக்கட்டும்," என்றார்.

சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, ஆறு காகிதங்களைக் கசக்கி எறிந்து, யாருமே கோபித்துக்கொள்ள முடியாத ஒரு வாக்கியத்தை இராஜாங்கம் தயாரித்தார். 'தி டெனன்ட் மெட் தி லேண்ட்லார்ட் அண்ட் ஹி அட்மிட்டட் தட் ஹி வாஸ் ஆன் ஹிஸ் லேண்ட்.' குத்தகைக்காரர் நிலத்துக்காரரைச் சந்தித்தார். அவர் தாம் அவர் நிலத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டார். யார் ஒப்புக்கொண்டார், யார் நிலம் என்பதை அவரவர் சௌகரியப்படி வைத்துக்கொள்ளலாம். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் போர்டில் ஒட்டினார்.

ஊர்க்காரர்கள் அவரவர் சௌகரியப்படிதான் வைத்துக்கொண்டார்கள். நாலு மணிக்குள் வீரையன் டீக்கடையில் பெஞ்சு மேல் ஏறி, "முதலாளி ஒத்துக்கிட்டாரு! இத்தனை வருஷமா மருதையன் நிலத்துல நின்னதை இங்கிலீஷ்ல ஒத்துக்கிட்டாரு!" என்று அறிவித்தார். சங்கத்துக் கொடியோடு ஒரு சின்ன ஊர்வலம்கூடப் புறப்பட்டது.

துரைராசு போர்டையே கழற்றி எடுத்துவரச் சொன்னார். "இனிமே எழுத வேணாம் வாத்தியாரே. திங்கக்கிழமை தாசில்தாருக்கு முன்னாடி வாயால ஒரே வார்த்தை சொல்லுங்க. உங்க உத்தரவை அங்கேயே கொண்டாரேன். வார்த்தை வந்தா கையெழுத்து வரும்."

திங்கட்கிழமை சாவடியில் நிற்க இடமில்லை. தாசில்தார் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவர். குறுவைக் கணக்கையும் வாய்க்கால் சண்டையையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர், மருதையன் நீட்டிய விடைத்தாளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பலே! நல்ல வாக்கியமா இருக்கே. யார் எழுதினது?"

இராஜாங்கம் முன்னால் தள்ளப்பட்டார்.

"சொல்லுங்க சார். இதுல ஹிஸ் யாரு?"

ஒரு பக்கம் துரைராசு, மடியில் உத்தரவு, கையில் மூடி திறந்த பேனா. இன்னொரு பக்கம் மருதையன். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணாத்தாள், வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அதே பார்வையோடு பார்த்தாள். வாத்தியார் தப்பாகச் சொல்வார் என்ற சந்தேகமே அந்தப் பிள்ளைக்கு இல்லை.

"லேண்ட்லார்டுங்க," என்றார் இராஜாங்கம். அவர் குரல் அவருக்கே அசிங்கமாகக் கேட்டது.

"அப்ப டிக்கு?" என்று கண்ணாத்தாள் கேட்டாள்.

"தப்பாப் போட்டுட்டேன்மா."

மருதையன் தாளை வாங்கி நாலாக மடித்தார். "பரவால்ல சார். நீங்களும் குடும்பஸ்தர்தானே," என்றார். அடித்திருந்தால்கூட இராஜாங்கத்துக்கு அவ்வளவு வலித்திருக்காது.

துரைராசுவுக்கு வெற்றி போதவில்லை. "வாய்வார்த்தை காத்தோட போயிடும். எழுத்துல வாங்கிக்குங்க சார்," என்றார்.

துரைராசு சொல்லச் சொல்ல தாசில்தார் எழுதினார்: 'மேற்படி நிலம் லேண்ட்லார்டுக்கே சொந்தம். டெனன்டு எத்தனை வருஷம் அனுபவித்திருந்தாலும் அவருக்கு அதில் ஒரு குழிகூட பாத்தியம் இல்லை.'

"'அவருக்கு' என்ன அவருக்கு? 'அவனுக்கு'ன்னு போடுங்க. டெனன்டுக்கு எதுக்கு மரியாதை?"

தாசில்தார் திருத்தினார். துரைராசு அதைச் சபைக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அதே சூட்டோடு இராஜாங்கத்தின் உத்தரவிலும் போட்டு, நீட்டினார். இராஜாங்கம் அதை வாங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி, முடிச்சிடுவோம். சர்வே நம்பரைப் பார்த்து லேண்ட்லார்டு, டெனன்டு ரெண்டு பேரையும் சொல்லுங்க வஹாப், எழுதிக்கிறேன்," என்றார் தாசில்தார்.

குமாஸ்தா அப்துல் வஹாப் பழைய பதிவேட்டைத் தூசி தட்டிப் பிரித்தார். விரலால் வரியைத் தேடிப் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார்.

"லேண்ட்லார்டு, நம்ம ஊர் சிவன் கோயில் சாமி சார். டெனன்டு, துரைராசு."