கவனம் அண்ணையும் கைதிகள் வெட்டிய பாதையும்

சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் எங்கள் கவனம் அண்ணையைப் போலப் பயப்பட இன்னொருவர் இனிப் பிறந்துதான் வரவேண்டும். ஹோட்டல் சமையலறையில் நான் மரக்கறி வெட்ட, அவர் கோப்பை கழுவுவார். வாயைத் திறந்தால் "கவனம்!" லிப்டுக்குக் கவனம். மாட்டுக்குக் கவனம். குளிர் அறைக்குள் போவதென்றால் கதவிடுக்கில் ஒரு சட்டியைச் செருகிவிட்டுத்தான் போவார்.

போன இலையுதிர் காலத்தில் மலையில் கல் சரிந்து ரயில் நின்றுபோனது. மறுநாள் சூரிச்சில் அண்ணையின் மகளுக்குக் கல்யாணப் பதிவு, எங்கள் பேச்சில் 'எழுத்து'. எனக்கும் அழைப்பு. கீழ் ஊருக்கு நடந்தால் ரயில் பிடிக்கலாம். அதற்கு இருந்தது ஒரே பாதை. அந்தக் காலத்தில் கைதிகளைச் சங்கிலியில் பிணைத்து, மலையைக் குடைந்து வெட்டுவித்த பாதை அது. எத்தனையோ பேர் விழுந்து செத்தார்கள் என்று தலைமைச் சமையல்காரர் வேறு சொல்லித் தொலைத்தார்.

"அண்ணை, பயமெண்டால் நில்லுங்கோ. நான் போறன்."

"விசரோ உனக்கு? என்ரை மகளின்ரை எழுத்து! நட."

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமேயில்லை. கீழே ஆறு இரைந்தது. அண்ணை பல்லிபோலப் பாறையோடு ஒட்டி நடந்தார். வளைவுக்கு வளைவு நின்று, செத்துப்போன கைதிகளைக் கும்பிட்டார்.

"அண்ணைமாரே, கலியாணத்துக்குப் போறம். கொஞ்சம் வழி விடுங்கோ."

விழுந்து விழுந்து சிரிக்க ஏற்ற இடமல்ல. அடக்கிக்கொண்டேன்.

பிறகு பனிப்புகார் மூடியது. மேலிருந்து ஒரு கல் உருண்டு, என் காலடியைக் கடந்து, பள்ளத்தில் மறைந்தது. அது விழுந்த சத்தம் கேட்கவேயில்லை. அப்படியே குந்திவிட்டேன்.

"ஏலாது அண்ணை."

பாறையை விட்டு அவர் வெளிப்பக்கம் வந்தார், பள்ளத்துக்கும் எனக்கும் நடுவில். என் கையைப் பிடித்தார். அந்தக் கை என் கையைவிட நடுங்கியது.

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயம்தான். ஊரிலை சிறையிலை இருக்கேக்கையும் இப்பிடித்தான் நடுங்கினனான். நடுங்கி நடுங்கியும் நடக்கலாம், எழும்பு."

அவர் சிறையில் இருந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எழுத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். மகள் பட்டுச் சேலையில் அழகாக இருந்தாளாம், எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்திய ரயில்தான். ஏறி உட்கார்ந்த பிறகும் அண்ணை என் கையை விடவில்லை. எதிரே இருந்த வெள்ளைக்காரி எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

நானும் கையை எடுக்கவில்லை.