அறுகரிசியைத் தடுத்த கதை

வெட்கம் பிடித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊரில் எல்லாருடைய கால்களையும் நன்றாகத் தெரிந்திருக்கும். நான் முகத்தைப் பார்த்து ஆளை மட்டுக்கட்டியது குறைவு. வெடித்த குதிகால், வளைந்த சின்னவிரல், தேய்ந்த செருப்பு, இவற்றை வைத்தே இணுவிலில் பாதிப்பேரை அறிந்து வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கும் இதுதான் காரணம். (ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போகவேண்டும். அங்கே எல்லாம் தெரியாத கால்கள்.)

இப்படிப்பட்ட நான் என் மாமியாரை மணவறையில் வைத்து அடித்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கலியாணத்துக்கு வந்த சனம் முழுக்கப் பார்த்தது.

பழி முழுவதும் தம்பிக்கே. பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டை பழகியவன். படிப்பு முடிந்தும் அந்தப் பைத்தியம் விடவில்லை. கூடப் பழகிய கூட்டாளி கொழும்புக்குப் போய்விட, அவனுக்குக் குத்துவதற்கு ஆள் இல்லாமல் போனது. ஐயாவை (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) விட்டால் வீட்டில் மிச்சம் இருந்தது நானும் மாடும். மாடு திருப்பி முட்டும்.

"அக்கா, நீ சும்மா நிண்டு தடுத்தால் காணும். மெல்லமாத்தான் குத்துவன்."

"ஐயா கண்டாரெண்டால்?"

"ஐயா தோட்டத்திலை நிக்கிறார். நீ கையைத் தூக்கு."

பழைய தலையணையைப் பிரித்து, இலவம்பஞ்சு அடைத்து, அவன் கைகளுக்கு உறை தைத்துக் கொடுத்ததும் நானே. (எனக்கு விழப்போகும் அடிக்கு நானே ஊசி நூல் எடுத்தேன். இதைவிட மொக்குத்தனம் உண்டா?)

மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் பின்னேரங்களில் பாடம். தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு சேர்க்கவேண்டும். முழங்கைகள் விலாவை மூடவேண்டும். கைகள் கன்னத்தை விட்டு இறங்கக்கூடாது. நாடி விஷயத்தில் என்னைத் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. பிறந்ததிலிருந்து அது நெஞ்சிலேயே கிடந்தது.

"என்ரை தோளைப் பார் அக்கா. தோள் அசைஞ்சால் கை வருகுதெண்டு அர்த்தம்."

எனக்குத் தோள்வரை நிமிர வெட்கம். (தம்பிதான், இருந்தாலும்.) வழக்கம்போலக் காலையே பார்த்தேன். முதல் மாதம் இரண்டு காதும் செம்பரத்தம்பூ. பிறகு ஒன்று பிடிபட்டது. கை வருமுன்னே கால் சொல்லிவிடும். அவனுடைய முன்கால் பெருவிரல் மண்ணை அழுத்தினால் குத்து நேரே வரும். உள்ளங்கையால் தட்டிவிட்டால் சரி. குதி கிளம்பினால் பக்கத்தால் சுற்றி வரும். கையைக் காதோடு ஒட்டிக்கொண்டு குனியவேண்டும். நாலு மாதத்தில் அவனால் என்னைத் தொடமுடியவில்லை.

"நீயென்ன பேயோ? நிலத்தைப் பாத்துக்கொண்டு எப்பிடியடி தடுக்கிறாய்?" என்றான். கோபம் வந்தால் அக்கா "அடி"யாகிவிடுவாள்.

ஒரு குறை மட்டும் அவனுக்கு இருந்தது. "தடுத்த கையோடை திருப்பி ஒண்டு குடு அக்கா. தடுக்கிறது பாதி, குடுக்கிறது மீதி." நான் ஒருநாளும் கொடுக்கவில்லை. தம்பியை எப்படி அடிப்பது?

அந்த நேரத்தில்தான் சாவகச்சேரியிலிருந்து சம்பந்தம் வந்தது. எனக்கு இருபத்தொன்பது வயது. முன்பு வந்த மூன்று இடமும், "பிள்ளை வாய் பேசாதோ?" என்று கேட்டுவிட்டுப் போனவை. மாப்பிள்ளையின் தாயான இந்த மாமி மட்டும் என்னைக் கோயிலில் பார்த்துவிட்டு, "நிமிந்தும் பாக்காத பிள்ளை. எனக்கு இப்பிடி ஒரு அடக்கமான மருமகள்தான் வேணும்" என்றாவாம். அதைக் கேட்டு ஐயா சால்வையால் கண்ணைத் துடைத்தார். முழுக் கலியாணமும் என் அடக்கம் என்ற ஒற்றைத் தூணில் நின்றது.

அந்தத் தூண் கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரமும் கொட்டிலுக்குப் பின்னால் நின்று குத்துத் தடுத்தது.

அந்தக் காலத்தில் கலியாண வீட்டில் எல்லாமே அவசரம். சண்டைக்காலம், வானத்தில் குண்டு போட வரும் பொம்பர் இரையமுன் சனம் சாப்பிட்டுக் கலையவேண்டும். தாலி ஏறியதும், "அறுகரிசி போடுறவை கெதியா வாங்கோ" என்று குருக்கள் விரட்டினார். முதலில் வாழ்த்த மாமி வந்தா. நான் முகம் பார்க்கவில்லை. பெரிய, உறுதியான இரண்டு கால்கள் வந்து நின்றன. அறுகம்புல்லும் அரிசியும் இரண்டு கையிலும் அள்ளி என் முழங்காலில் போட்டா. சரி. தோளில் போட்டா. அதுவும் சரி. அடுத்தது தலை. மணவறை கொஞ்சம் உயரம். மாமி எட்டிப் போடுவதற்காகக் குதியைக் கிளப்பினா.

குதி கிளம்பியதைக் கண்டேன்.

இரண்டு கையும் இரண்டு பக்கத்தால் சுற்றி வந்தன. என் கைகள் காதோடு ஒட்டின. தலை குனிந்தது. மாமியின் கைகள் என் முழங்கைகளில் மோத, அறுகரிசி முழுவதும் குருக்களின் முகத்துக்குப் போனது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆறு மாதமாகக் கொடுக்காத "மீதி" அன்றைக்குத்தான் வெளியே வந்தது. என் வலக்கை தன்பாட்டில் நீண்டு மாமியின் தோளில் ஒன்று வைத்தது. மாமி பக்கவாட்டில் சரிந்து, மாப்பிள்ளையின் மடியில் போய் இருந்தா. அவருடைய தலைப்பாகை உருண்டு வாழைக்குலையடியில் நின்றது.

மேளம் நின்றுவிட்டது. அந்த அமைதியில் பின்வரிசையிலிருந்து தம்பியின் குரல் மட்டும் கேட்டது.

"அப்பிடித்தான் அக்கா!"

ஐயா மெதுவாக அவன் பக்கம் திரும்பினார்.

மாமி மகனின் தோளைப் பிடித்து எழும்பினா. "பிள்ளைக்கு ஏதும் வலிப்பு வருத்தமோ? மறைச்சுச் செய்து வைச்சிட்டியளோ?" என்று ஐயாவிடம் கேட்டா. குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. ஐயா சால்வையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். நான் வாய் திறக்காவிட்டால் தாலியோடு சேர்த்து வலிப்பும் என் கழுத்தில் ஏறிவிடும். வாழ்க்கையில் முதல்முறை சபையில் நிமிர்ந்தேன். மாமிக்கு மூக்குத்தி இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

"வருத்தம் ஒண்டும் இல்லை மாமி. தம்பி குத்துச்சண்டை பழகிறவன். அவன் குத்த நான் தடுக்கிறனான். உங்கடை குதி கிளம்பினது... பழக்கத்திலை கை வந்திட்டுது."

மாமி சேலையில் ஒட்டிய அரிசியைத் தட்டினா.

"எவ்வளவு காலமாத் தடுக்கிறாய்?"

"ஆறு மாசம்."

"அடி படுறேல்லையோ?"

"முதல் பட்டது. கடைசி ரெண்டு மாசம் ஒண்டும் படேல்லை."

மாமி தட்டத்தில் மறுபடி அறுகரிசி அள்ளினா. "பிள்ளை, இப்ப தலையிலை போடப்போறன். கையிரண்டையும் மடியிலை வை" என்றா. பிறகு மகனிடம், "டேய், உன்ரை கையையும் நாக்கையும் கவனமா வைச்சிரு. உவள் பழகினவள்" என்றா. சபை சிரித்தது. ஐயாவும் சிரித்தார். (தம்பிக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுந்தது. அவனுக்குத் தடுக்கத் தெரியவில்லை.)

அதன்பிறகு மாமி எனக்குத் திருநீறு பூசும்போதெல்லாம், "பிள்ளை, கை வருகுது" என்று முதலே சொல்லிவிடுவா. வீட்டுக்காரரும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டு கிட்ட வருவார்கள்.

கடைசிக் காலத்தில் மாமி பாயோடு கிடந்தா. பேச்சும் குறைந்துவிட்டது. ஒருநாள் காலை திருநீறு பூசுவதற்கு நான் சொல்லாமல் கொள்ளாமல் கையைக் கொண்டுபோனேன். மாமி மெலிந்த இரண்டு கையையும் பொத்திக் கன்னத்தில் வைத்து, நாடியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, விரலுக்குள்ளால் என்னைப் பார்த்துச் சிரித்தா.

"மாமி, கை வருகுது" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கையை இறக்கினா.