விசில் பாயின் பாட்டில் பாயின்ட்

கொல்லிமலையில் வாலிபாலை விசில் பாய் அளவுக்கு நேசித்தவர் யாரும் கிடையாது. விசில் பாய் அளவுக்கு அதைத் தப்பாகப் புரிந்துகொண்டவரும் கிடையாது. பந்து வலையில் பட்டால் கோல் என்பார். எங்கள் அணி பாயின்ட் எடுத்தால் எழுந்து நின்று விசில் ஊதுவார். எதிரணி எடுத்தாலும் ஊதுவார், அது கண்டனம். நடுவர் ஊதியது எது, பாய் ஊதியது எது என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் பாதியில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பார்கள். "ஆடுங்க கண்ணுகளா, அது நான்தான்" என்று கையைக் காட்டுவார்.

தொழில், பழைய இரும்பு வாங்குவது. அடிவாரத்து ஊரில் கடை. வாரத்துக்கு ஒருநாள் ஓட்டை டெம்போ ஒன்றில் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் ஏறி மேலே வருவார். கைலி, வெள்ளைத் தொப்பி, எங்கள் கிளப்பின் பச்சை பனியன், கழுத்தில் விசில். சொந்தப் பெயரை நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ரெண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டிய காலம் அது. எனக்கு மலைமேல் செம்மேட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. நான் பந்தைத் தட்டும் லட்சணத்தைப் பார்த்த கிளப் பையன்கள், "நீங்க செக்ரட்டரியா இருந்துக்குங்க சார்" என்று மரியாதையாக ஓரம்கட்டிவிட்டார்கள்.

வருஷத்துக்கு ஒரு பெரிய மேட்ச். எதிரணி அடிவாரத்து ஊர்தான், அதாவது பாயின் சொந்த ஊர். "உங்க ஊரை விட்டுட்டு எதுக்கு பாய் எங்க பக்கம் நிக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க ஊர்ப் பசங்க ஜெயிச்சாக்கூட எங்கிட்ட வந்து சொல்றதில்லீங்க. இவனுங்க தோத்தாலும் டெம்போவை நிறுத்திச் சொல்றானுங்க."

அந்த மேட்ச் ஒரு வருஷம்கூட ஒழுங்காக முடிந்ததில்லை. கடைசி செட்டில் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தகராறு வரும். உடனே பாட்டில் பறக்கும். பாட்டிலுக்குப் பஞ்சமே இல்லை. மைதானத்தைச் சுற்றிக் காலி பாட்டிலும் பாலிதீன் பையும் மலையாகக் குவிந்து கிடக்கும். வீட்டுக் குப்பையை ஓடையில் வீசுவார்கள், இல்லாவிட்டால் கொளுத்துவார்கள். பாய்க்கு யாரும் எடுத்து வைத்ததில்லை. இரும்பு இருந்தால் மட்டும் கூப்பிடுவார்கள்.

ஒரு வருஷம், மேட்சுக்கு ஆறேழு மாசம் முன்னால் பயிற்சி நடந்தபோது எங்கள் கேப்டன் ராமன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினான். உடைந்த பாட்டில் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. அவனைப் பழைய இரும்புக்கு நடுவே படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவர் பாய்தான். டெம்போவில் ஹாரன் வேலை செய்யாது. வழி முழுக்க விசிலே ஊதினார். "காலு வலியே தெரியலீங்க சார், காதுதான் போச்சு" என்றான் ராமன் அப்புறம்.

கால் ஆறி ராமன் நடக்கிறவரைக்கும் பாய் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் நேராக என் ஆபீசுக்கு வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், இனிமே ஊட்டுக் குப்பைக்கு பாயின்ட். பாட்டிலு, பிளாஸ்டிக்கு, அட்டை எல்லாத்துக்கும். எடைக்கு ஆகற காசு கிளப்புக்கு. பசங்களுக்கு ஷூ வாங்கலாம், வலை வாங்கலாம்."

"சனங்களுக்கு என்ன கிடைக்கும் பாய்?"

"யாருக்குப் பாயின்ட் நெறயவோ அவங்க தோட்டத்துல நம்ம டீமு ஒரு நாள் வேலை செய்யும். அப்பறம், பெரிய மேட்சுல கடைசி செட்டுக்கு மைக்கு அவங்க கையில, வர்ணனை அவங்கதான்."

டீமைக் கேட்காமலே டீமைக் கூலிக்கு விட்டுவிட்டார். ஆனால் மலையில் அது லேசான பரிசு இல்லை. மிளகு பறிக்கிற நேரத்தில் ஆள் கிடைக்காது. எங்கள் பையன்கள் ஒவ்வொருத்தனும் ஏணி வேண்டாத உயரம்.

அவ்வளவுதான், மலை இரண்டுபட்டது. அங்கே சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. திருப்புலி நாட்டுக்காரர்கள் சாக்குச் சாக்காகக் கட்டினார்கள். ஆலத்தூர் நாட்டுக்காரர்கள் விடுவார்களா? அட்டையைத் தண்ணீரில் நனைத்து எடை கூட்டிக் கொண்டுவந்தார்கள். பாய் விசில் ஊதி, "ஃபவுலுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். தராசில் விரலை வைத்து அழுத்தினால் "நெட் டச்". ஒரு வீட்டில் மருமகள், மாமியாரின் ரேடியோவைத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டாள். அது விவசாயச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. பாய் மறுபடி விசில் ஊதினார். "உசுரோட இருக்கறதை வாங்கறதில்லீங்க அம்மிணி."

டெம்போவில் ஸ்பீக்கர் கட்டி, யார் வீட்டிலிருந்து என்ன வந்தது என்று ஊர் ஊராக அறிவிப்பார். அதில்தான் வினை வந்தது. ஒரு வாரம், "முதலிடம் பாப்பாயி அக்கா ஊடு. ரெண்டு சாக்கு பிராந்தி பாட்டிலு" என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். பாப்பாயி மரவள்ளியும் மிளகும் போடுகிறவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். பிராந்தி அவர் புருஷன் பொன்னுசாமியின் இலாகா.

பொன்னுசாமி டீக்கடை முன்னால் டெம்போவை மறித்தார். "ஏனுங்க பாய், நான் குடிக்கறதை மைக்குல சொல்லுவீங்களா?"

"குடிச்சதைச் சொல்லலீங்களே. பாட்டிலைத்தான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

பாய் கொஞ்சம் யோசித்தார். "அப்படிப் பாத்தா கிளப்புக்கு நெறயக் கொடுத்தது நீங்கதானுங்க. ஷூ வந்ததும் உங்க கையாலதான் பசங்களுக்குத் தரணும்."

அடிக்க ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், பொன்னுசாமி அதே கையால் டீ வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து குடி குறைந்தது. பாப்பாயிக்கு நிம்மதி ஒரு பக்கம். பாயின்ட் குறைகிறதே என்ற கவலை மறுபக்கம். சாக்கை எடுத்துக்கொண்டு அருவிக்கு இறங்கிவிட்டார். சுற்றுலா வந்தவர்கள் எறிந்துவிட்டுப் போன பாட்டிலையெல்லாம் பாறை இடுக்கிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தார். இத்தனைக்கும் மேல் வேறு யார் ஜெயிக்க முடியும்? எங்கள் டீம் முழுசாக அவர் தோட்டத்தில் ஏறி மிளகு பறித்தது.

அந்த வருஷ மேட்ச். ராமன் புது ஷூவோடு வந்தான். ஆளுக்கு இரண்டு செட் ஆனதும் கடைசி செட்டுக்கு மைக் பாப்பாயி கைக்கு வந்தது. முதலில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாக, "ராமா, காலைப் பாத்து எகிறு சாமி" என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில், "அந்தச் செவப்பு பனியன் கண்ணுக்கு மூச்சு வாங்குது. யாராச்சும் தண்ணி குடுங்களே" என்றார். எதிரணிக்காரன் வெட்கப்பட்டுச் சிரித்தான். ஊர் விட்டு ஊர் வந்து இப்படி ஒரு வரவேற்பை அவன் எதிர்பார்க்கவில்லை.

கடைசிப் பாயின்ட். ராமன் அடித்த பந்து கோட்டோரம் விழுந்தது. நடுவர் வெளியே என்றார். கூட்டம் மொத்தமாக எழுந்தது. வழக்கம்போல எல்லோருடைய கையும் கீழே துழாவியது. ஒரு பாட்டில் இல்லை, ஒரு கண்ணாடித் துண்டு இல்லை, அமுக்கிச் சுருட்டி வீச ஒரு பாலிதீன் பைகூட இல்லை. எல்லாம் பாயின்ட்டுக்குப் போயிருந்தது. ஒருத்தர் ரப்பர் செருப்பைக் கழற்றினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடைக்குப் போட்டால் என்ன வரும் என்று தோன்றியிருக்க வேண்டும், மறுபடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்து முதல்முறையாக அந்த மேட்ச் முறைப்படி முடிந்தது.

முறைப்படி நாங்கள் தோற்றோம்.

தோற்ற பிறகும் யாரும் குப்பை கொடுப்பதை நிறுத்தவில்லை. நான் மாற்றலாகிப் போகிறவரைக்கும் டெம்போ வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சாயங்காலம்.

அடிவாரத்துக்காரர்கள் வெடி வெடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். பாயை மட்டும் காணவில்லை. தேடிப் பார்த்தால், டெம்போவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷன்.

பாப்பாயிதான் முதலில் பேசினார். "இப்பக் கீழ போனா உங்க ஊர்க்காரங்க கேலி பேசுவாங்க. நம்ம ஊட்டுல சாப்பிட்டுட்டு, காலையில போங்க பாய்."

வாசலில் கோரைப்பாய் விரித்து அவரை உட்கார வைத்தார்கள். சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. ராமனும் மற்ற பையன்களும் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பொன்னுசாமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நீங்க சாப்பிடாம நாங்க சாப்பிட மாட்டோமுங்க பாய்" என்றான் ராமன்.

முதல் கவளத்தை எடுத்தார். ஆடித் தோற்றவர்கள் எங்கள் பையன்கள். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து தேற்றியது அவரைத்தான்.