சத்தம் கசிந்த ஹெட்போன்

பிளாக் 21, நெய்வேலி
வெள்ளிக்கிழமை

அன்பும் பொறுமையும் நிறைந்த மச்சான் சுதாகருக்கு, உன் அக்கா புருஷன் சிவப்பிரகாசம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா காந்திமதியும் மகள் பவித்ராவும் உயிரோடு இருக்கிறோம். பண்ருட்டியில் நீயும் மலர்கொடியும் பிள்ளைகளும் எங்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன் பண்ணாமல் எதற்கு இந்த மனுஷன் காகிதத்தில் எழுதுகிறான் என்று கேட்பாய். இந்த வூட்டில் வாய் திறந்து பேசி மாசக்கணக்காகிறது, எதையும் சீட்டில் எழுதிக் காட்டியே கை பழகிவிட்டது. உன் அக்கா மகள் பி.இ. முடித்துவிட்டுச் சின்ன ரூமில் பாட்டு மிக்ஸிங் செய்கிறாள். அதாவது ஒருத்தர் பாடினதையும் இன்னொருத்தர் வாசித்ததையும் சேர்த்து, எது ஏறணும் எது இறங்கணும் என்று கம்ப்யூட்டரில் திருகிக்கொண்டே இருப்பது. மைக் ஓடினால் ஃபேன் ஓடக்கூடாது, ஃப்ரிட்ஜும் ஓடக்கூடாது, அப்படி நிறுத்தி மறந்துபோய் ஒரு குண்டான் மாவு பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. குக்கர் வைக்கக்கூட உன் அக்கா அவளிடம் கேட்டுத்தான் வைக்கிறாள். சத்தம் சுவரில் மோதித் திரும்புதாம், அதற்காக என் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டாள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவன் வெறும் பாயில் படுத்து, அவளோடு படித்த சாதியா என்கிற பெண் பாடின அதே ரெண்டு வரியை மத்தியானம் வரைக்கும் கேட்கணும். எனக்கு முதல் தடவையே நன்றாகத்தான் இருந்தது, சொன்னேன். "இல்லப்பா, டிரம்ஸ் பின்னாடி போவுது" என்றாள். எங்கே போகிறது என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. மைன்ஸில் நானே அதை முணுமுணுத்திருக்கிறேன் போல. கூட வேலை செய்கிற ஃபாரூக் வந்து, "இன்னாண்ணே, ரெண்டு வரியிலயே நின்னுகினு இருக்கீங்க, மூணாவது வரி எழுதலியா?" என்றான்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். பொங்கலுக்கு அவளுக்கு ஒரு ஹெட்போன் வாங்கித் தந்தாயே, அதை அவள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஹாலில் இருக்கிற எனக்கும் பாட்டு கேட்டது. எடுத்துப் பார்த்தேன். ரெண்டு காதுக்கும் வெளிப்பக்கம் சல்லடை மாதிரி வலை. மைன்ஸில் மெஷின் இரைச்சல் உள்ளே வராமல் காதுக்கு மஃப் மாட்டியே வேலை செய்து தலை நரைத்தவன் நான். சத்தம் கசிகிற மஃபைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான், சேஃப்டி ஆள் பார்த்தால் அதோடு உள்ளேயே விடமாட்டான். எவனோ ஓட்டை பீஸை மச்சான் தலையில் கட்டிவிட்டான், சொன்னால் நீ மனசு கஷ்டப்படுவாய் என்று, அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய மஃபிலிருந்து ஸ்பாஞ்சை வெட்டி உள்ளே வைத்து, பசை போட்டு ஒட்டி, திரும்ப முடுக்கிவிட்டேன். வெளியே ஒன்றும் தெரியாது, வேலை அவ்வளவு சுத்தம். அதற்குப் பிறகு பொட்டுச் சத்தம் வரவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்றிலிருந்து அவளுக்குப் பாட்டு பானைக்குள்ளிருந்து கேட்கிறது. சளி என்று நினைத்தாள். உன் அக்கா ஆவி பிடிக்க வைத்தாள், நொச்சி இலை பறித்து வந்தவனே நான்தான், எனக்கு அப்போ எங்கே தெரியும். எல்லாம் பொம்மென்று கேட்கிறதே என்று அடிச் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, அந்தப் பாட்டைச் சென்னையில் ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினாள். பிடித்திருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். டிரம்ஸ் தகர டப்பா மாதிரி இருக்கிறது, முதலில் காதைப் பழக்குங்கள் என்று பதில் வந்தது.

"எனக்குக் காதே சரியில்லப்பா. இது வராது. பேங்க் கோச்சிங் சேந்துடறேன்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். இதைத்தானே நானும் சொல்லிச் சொல்லி அலுத்தேன்! இப்போது ஃபேன் ஓடுது, மெத்தை கட்டிலுக்கு வந்தாச்சு, தூக்கம்தான் வரல. மனசு கேட்காமல், வேறு நல்ல ஹெட்போன் வாங்கித் தரலாம் என்று போனில் தேடினால், மிக்ஸிங்குக்கென்று விற்கிறதில் பாதி வலையோடதான் இருக்கு மச்சான். அப்படித் திறந்து இருந்தால்தான் உள்ளது உள்ளபடி கேட்குமாம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வரணும். வந்து, "மாமா வாங்கினது டூப்ளிகேட்டும்மா, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டு போய்விடு. உன்மேல் அவளுக்கு மரியாதை அதிகம், கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் ஆகாது. என்மேல் இருப்பதே கொஞ்சம். கையோடு ஒரு பலாப்பழம் கொண்டு வந்தால் பேச்சை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம்.

மலர்கொடியை விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமலும், முடிந்தால் பாட்டு ஆசை இல்லாமலும் நன்றாக இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சிவப்பிரகாசம்

பி.கு.: நீ வர வேணாம். கடிதத்தை மடிச்சுகினு எழுந்தா, அவ வயரையெல்லாம் சுத்தி அட்டைப்பெட்டியில போட்டுகினு இருக்கா. யாருக்கோ வித்துடப் போறாளாம். என்னால பாத்துகினு நிக்க முடியல, ஸ்பாஞ்சு, பசை எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன் அக்கா கரண்டியோட வந்து நின்னா. பவித்ரா திட்டல மச்சான், திட்டியிருந்தா தேவல. "அப்ப என் காது நல்லாத்தான் இருக்காப்பா?"ன்னு கேட்டா. ஆமாம்மான்னேன். அப்படியே உக்காந்து அழுதா. அழுது முடிச்சு மூக்கைத் துடைச்சுகினு, "ஸ்க்ரூ டிரைவர் எங்கப்பா?"ன்னா.