கொளஞ்சிநாதனுக்கு ஏறிய இரும்பு

இனி ஒரு மாத்திரையைக்கூடத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்த கையோடு, இரும்புச்சத்து மாத்திரை அட்டையைச் சுவரில் விட்டெறிந்தார் கொளஞ்சிநாதன். நிலக்கரிச் சாம்பலில் எத்தனை சதவீதம் இரும்பு என்று இருபது வருஷமாகச் சொல்லிவருகிற அனல்மின் நிலைய லேப் கெமிஸ்ட் அவர். அவர் ரத்தத்திலேயே இரும்பு இல்லை என்று ஒரு டாக்டர் சொல்வதா? மயங்கி லேப் படியில் உருண்டது வேறு விஷயம்.

"ஹீமோகுளோபின் எட்டே முக்கால்தாங்க!" என்று கத்தினாள் மனைவி தமிழ்மொழி. "எடுத்து வாயில போடுங்க!"

"இது என்னன்னு தெரியுமாடி? ஃபெரஸ் சல்ஃபேட்! அன்னபேதி! ஒரு இரும்பு, ஒரு சல்ஃபேட்டு, ஏழு தண்ணிய ஒட்டிகினு நிக்கிற பச்சை உப்பு. பேர்லயே பேதி! துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரி இருக்கும்."

"வேற உப்பே இல்லியா?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. கோபத்திலும் பாடம் நடந்தது.

"ஏன் இல்ல? ஃபெரஸ் ஃப்யூமரேட் இருக்கு. மொளகாப்பொடி நிறம். தண்ணில லேசுல கரையாது, அதனால நாக்குக்கு ருசியே தெரியாது. மூணுல ஒரு பங்கு இரும்பு. அதையும் நான் முழுங்க மாட்டேன்!"

"சரிங்க."

அதோடு விட்டுவிட்டாள். ஜெயித்துவிட்டதாக அவர் மீசையை முறுக்கினார்.

இரண்டு மாதம் கழித்து மறு பரிசோதனை. பன்னிரண்டு! சந்தோஷப்பட வேண்டிய மனுஷனுக்குச் சந்தேகம் வந்தது. சாப்பிடாத இரும்பு எப்படி ஏறும்? தினமும் தன் தட்டில் விழும் இட்லிப் பொடியில் ஒரு சிட்டிகையை லேபுக்குக் கொண்டுபோனார். அமிலத்தில் கரைத்து, ஃபெரிசயனைடு இரண்டு சொட்டு விட்டார். ஃபெரஸ் இரும்பு இருந்தால் நீலமாகும். குழாய் கருநீலமானது. அவர் முகம் சிவப்பானது.

பிளாக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தார். "ரெண்டு மாசமா என்னை ஏமாத்திகினு இருந்தியாடி?"

"ஆமா! நீங்க சொன்ன அந்த ஃப்யூமரேட்டத்தான், டாக்டர்கிட்ட அளவு கேட்டு உங்க இட்லிப் பொடியில மட்டும் கலந்தேன். நீங்க படியில உருண்டு போய்ச் சேர்ந்தா, கருணை அடிப்படையில எனக்கு வேலை குடுப்பாங்க. புருஷனைக் குடுப்பாங்களா?"

அவள் கண் கலங்கியிருந்தது. கையிலிருந்த கரண்டி மட்டும் ஓங்கியபடியே இருந்தது.

கொளஞ்சிநாதனுக்கு ரோஷம் அடங்கவில்லை. "இனிமே உன் கையால ஒரு வாய் சாப்பிட மாட்டேன்! மூணு வேளையும் கேன்டீன்தான்!"

"தாராளமா போங்க," என்றாள் தமிழ்மொழி. "கேன்டீன் ராஜாங்கம் அண்ணன்கிட்ட போன மாசமே ஒரு டப்பா பொடி குடுத்து வெச்சிருக்கேன்."