மாடிப்படி முப்பத்திரண்டு

ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பல் டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். அந்த மூச்சிலேயே அறிவிப்பாளருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ஈறு முழுக்கச் சீழ். ஆடுற ஆறு பல்லையும் எடுத்தாத்தான் பல்செட்டுக்கு அளவெடுக்க முடியும். ஆனா இவ்வளவு சர்க்கரையில எடுத்தா புண்ணு ஆறாது. மொதல்ல மாடியில சர்க்கரை டாக்டர்கிட்ட போய் அதைக் குறைச்சுட்டு வாங்க."

"மாசக் கடைசிக்குள்ள பல்லு வரணும் டாக்டரம்மா! மைக்ல காத்துதான் வருது, ரயில் வரலைன்னு பயணிங்க எழுதிக் கொடுத்துட்டாங்க. ஸ்டேஷன் கழிவறை வாசல்ல உக்கார வெச்சுருவாங்க!"

டாக்டரம்மா ஒரு தாளில் மடமடவென்று எழுதி, உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்தார்.

மாடிக்கு முப்பத்திரண்டு படிகள். படிக்கு ஒரு பல்லை நினைத்து வருந்தியபடியே அறிவிப்பாளர் ஏறினார்.

கசங்கிய சட்டையோடு இருந்த சர்க்கரை டாக்டர் கடிதத்தைப் படித்துச் சிவந்தார்.

"ஈறுல சீழை வெச்சுக்கிட்டு சர்க்கரை எப்படிய்யா இறங்கும்? மொதல்ல அவங்களை ஈறைப் பாக்கச் சொல்லுங்க!"

அவரும் எழுதினார். இரண்டு பக்கம்.

மூன்று வாரத்தில் அறிவிப்பாளர் ஏறிய படிகளை அடுக்கியிருந்தால் நிலாவில் ஒரு காலை வைத்திருக்கலாம். அந்த ஏற்றத்திலேயே சர்க்கரை பாதியாகிவிட்டது. ஆனால் கடிதம் மட்டும் நிற்கவில்லை.

"சர்க்கரை குறைஞ்சிருச்சே டாக்டரம்மா?"

"அது கிடக்கட்டும். மேல அவர் இளைச்சிருக்காரா?"

'என் வியாதியை நினைத்து டாக்டரே இளைக்கிறாரா!' என்று அறிவிப்பாளர் பதறினார்.

"ரெண்டு பேரும் போன்ல பேசிடுங்களேன்?"

"போனா!" டாக்டரம்மா கையிலிருந்த, பல் பார்க்கும் கண்ணாடிக் குச்சியை டங்கென்று தட்டில் எறிந்தார். அன்றைய கடிதம் நான்கு பக்கம். எழுதும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதை வீட்டில் சொன்னதுதான் தப்பு. மனைவி சம்பந்தி வரைக்கும் சொல்லி அழ, மறுநாள் காலை பதினேழு பேர் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். மைத்துனர் அவர் தலையைத் தடவி, "தைரியமா இருங்க மாமா" என்று விம்மினார். அறிவிப்பாளரிடம் மிச்சமிருந்த தைரியமும் அத்தோடு தீர்ந்தது.

சட்டைப் பையில், மாடியில் கொடுக்காமலே விட்ட அந்த நான்கு பக்க உறை. நேரே தெருமுனை மருந்துக் கடைக்கு ஓடினார். டாக்டர் கையெழுத்தைப் படிக்க உலகத்தில் வேறு யாரால் முடியும்?

உறையைக் கிழித்து நீட்டினார். "எதையும் மறைக்காதீங்க. எத்தனை நாள் தாங்குவேன்?"

கடைக்காரர் நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல உங்க பல்லே இல்ல சார். 'மொதல்ல நீங்க மன்னிப்புக் கேளுங்க, அப்புறம் வீட்டுக் கதவைத் திறக்கிறேன்'னு டாக்டரம்மா மாடியில இருக்கிற அவங்க வீட்டுக்காரருக்கு எழுதியிருக்காங்க!"